அக்காவின் கலியாணமும் எங்கள் ஒழுங்கை ஸ்பீக்கர்களும்

என் மனுசனுக்குச் சத்தம் ஆகாது; எனக்குச் சத்தம் இல்லாவிட்டால் ஆகாது. இப்படியான இரண்டு பேர் இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதற்குத் தன் பொறுமைதான் காரணம் என்று அவர் சொல்வார். அவர் காதில் வைக்கிற பஞ்சுதான் காரணம் என்று நான் சொல்வேன்.

நான் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறேன். பகல் முழுக்கக் கிரேன் இரைவதையும் கப்பல் ஊதுவதையும் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டியிருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு வேண்டியது அமைதி இல்லை, நல்ல சத்தம். அதற்காகவே பாட்டுச் சேர்க்கிறேன். கசெற்றில் கிடந்தது, சீடியில் கிடந்தது, ஊரார் பென் டிரைவில் தந்தது, நானே போனில் பதிந்தது எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அதை வைஃபைப் பெட்டியோடு கொழுவி வைத்திருக்கிறேன். சினிமாப் பாட்டு, பைலா, தேவாரம், தேர்த் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் இடிபட்டுக்கொண்டு பதிந்த நாதஸ்வரம், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கலியாண வீட்டுக்குப் போனால் நான் பந்தியில் இருக்க மாட்டேன், மேளக்காரர் பக்கத்தில்தான் போனோடு நிற்பேன். "இவளுக்கு இலை போடத் தேவையில்லை" என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள்.

வயர் இல்லாத ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக வாங்கினேன். முதலாவதை யன்னலோரம் வைத்தேன். உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றை உள்ளே தள்ளி வைத்து, போனில் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தேன். குசினி, விறாந்தை, மண்டபம், தையல் அறை. விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு போனில் ஒரு தட்டுத் தட்டினால் குசினியில் பாட்டு வரும். முதல் நாள் மனுசன் உளுந்து வடை எடுக்கக் குசினிக்குப் போனார். தலைக்கு மேல் தவில் விழுந்த மாதிரிச் சத்தம் கேட்டு வடையைக் கீழே போட்டுவிட்டார். நான் விறாந்தையில் இருந்து வயிறு நோகச் சிரித்தேன்.

தையல் அறை எங்கள் வீட்டில் இல்லை. அது பக்கத்து வீட்டில், அக்காவின் வீட்டில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். மூத்தவள் என்பதால் அம்மா அப்பாவின் வீடு அக்காவுக்கு. அதே வளவுக்குள் எனக்கு ஒரு சின்ன வீடு. என் மாப்பிள்ளை பெட்டியோடும் பஞ்சோடும் வந்தார். அக்காவின் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தம்பிமாரைப் படிப்பித்து வெளிநாட்டுக்கு அனுப்பி, என்னைக் கட்டிக்கொடுத்து, அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்து முடித்து அவள் நிமிர்ந்தபோது வயது போய்விட்டது. அதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு அது நெஞ்சுக்குள் கிடந்து குத்திக்கொண்டேதான் இருந்தது.

அக்கா தைப்பதில் கெட்டிக்காரி. எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுந்தெருவில், மணவறை ஏறிய பெண்பிள்ளைகள் எல்லாரும் அவள் தைத்த பிளவுஸோடுதான் இருந்தார்கள். என் பாட்டுகளுக்கு அவள்தான் முதல் இரசிகை. சோக்கட்டி படிந்த விரலால் பாட்டுப் போட நான் கொடுத்த பழைய போனைத் தட்டித் தட்டி வெள்ளையாக்கி வைத்திருப்பாள். துணி வெட்டும்போது ஒன்றும் போட மாட்டாள். மெசினில் இருந்தால் நாதஸ்வரம். கொக்கி தைக்கும்போது பைலா. எங்கள் வீட்டில் இருந்தபடியே அக்கா என்ன வேலையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த அறைக்குத்தான் ஒரு நாள் நிலாவெளியில் இருந்து ஒரு போட்காரர் வந்தார். வெளிநாட்டுக்காரரைப் புறாத்தீவுக்கு ஏற்றிப் போகிறவர். போட்டின் கூரைத் துணி கிழிந்துவிட்டது, தைக்க வேண்டும் என்றார். மனைவி இல்லாதவர், பிள்ளைகளும் இல்லை. வாய் திறந்து கதைப்பது அரிது. துணியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர், நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்ததால் வாசற்படியில் இருந்துவிட்டார். முடிந்ததும், "இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். அக்கா, "ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூரைத் துணி அடிக்கடி கிழியத் தொடங்கியது. கடலில் காற்று என்பார். சோழகக் காற்றே வீசாத மாதத்தில் என்ன காற்று என்று என் மனுசன் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன். பிறகு இருக்கை உறை வந்தது, அதற்குப் பிறகு தலையணை உறை வந்தது. எந்த ஊர்ப் போட்டில் தலையணை வைத்திருக்கிறார்கள்?

இனி ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழியில் திருவெம்பாவை நாட்கள் வந்தால் முன்பெல்லாம் விடியற்புறம் பெடியன்கள் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் பாடி வருவார்கள். இப்போது பெடியன்களில் பாதிப்பேர் வெளிநாட்டில்; மற்றப் பாதி எழும்புவதில்லை. எதிர்வீட்டு மாமி ஒரு நாள் எங்கள் வாசல் படலையில் நின்று, "உன்ர பெட்டியள் சும்மாதானே கிடக்குது, அதில திருவெம்பாவையைப் போடன்" என்றாள். மாமி சொன்னால் ஒழுங்கை கேட்கும். அவளுக்குக் கனடாவில் இருக்கிற மகன் ஒரு ஸ்பீக்கர் அனுப்பியிருந்தான். அவளைப் பார்த்து மற்ற வீட்டுக்காரரும் ஒவ்வொன்று வாங்கினார்கள். என் வைஃபை ஒழுங்கை முழுக்க எட்டும்படி அங்கங்கே சின்னப் பெட்டிகளைப் பூட்டினேன். எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து, "ஒழுங்கை" என்று பெயர் வைத்து, எங்கள் மண்டபத்து ஸ்பீக்கரை அதற்குத் தலைவனாக்கினேன். மண்டபத்தில் போட்டால் எல்லா வீட்டிலும் பாடும். மற்ற வீடுகளின் சத்தத்தை உச்சத்தில் வைக்கச் சொன்னது மாமிதான். "எழும்பாதவனும் எழும்பவேணும்" என்றாள். அந்த நாட்கள் முழுக்க எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதிகாலையில் என் விரல் ஒன்றால் ஒரு ஒழுங்கையையே எழுப்பினேன்.

அந்தத் திருவெம்பாவை முடிந்த கையோடுதான் அக்கா சொன்னாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"தையில நல்ல நாள் ஒண்டு இருக்காம். நான் கலியாணம் கட்டப்போறன்."

"போட்காரரைத்தானே?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தலையணை உறையிலயே தெரியும்."

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அழுதுவிட்டேன். அவளைக் கட்டிப்பிடித்ததில் ஊசி என் தோளில் குத்தியது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

பிறகு அக்கா தன் நிபந்தனைகளைச் சொன்னாள். வாசலில் வாழை கட்டக்கூடாது. பந்தல் கூடாது. மேளம் கூடவே கூடாது. ஒழுங்கையில் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. ஐயர், மாப்பிள்ளையின் ஆட்கள் நாலு பேர், நாங்கள், அவ்வளவுதான்.

"என்ன கதை இது அக்கா? களவெடுத்தோ கட்டுறீங்கள்?"

"ஐம்பத்தொரு வயசு, பிள்ளை. சனம் சிரிக்கும்."

"சிரிச்சால் சிரிக்கட்டும்."

"நீ சொல்லுவாய். மாமி அண்டைக்குக் கிணத்தடியில சொன்னதை நான் கேட்டனான்."

மாமி சொன்னது எனக்கும் தெரியும். உப்புவெளியில் ஒருத்தி வயது போய்க் கலியாணம் கட்டினாள். "பேரப்பிள்ளை காணுற வயசில தாலியோ" என்று மாமி சொல்ல, வாளியோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் அங்கே உடுப்பு அலம்பிக்கொண்டு நின்றாளாம். அப்போதே போட்காரர் மூன்றாம் தரம் துணி கொண்டு வந்திருந்தார்.

"இஞ்ச பார்" என்றாள் அக்கா. "வெளியில ஒரு சத்தம் போனாலும் நான் மணவறையால எழும்பிப் போயிடுவன். அவருக்கும் சொல்லிப்போட்டன். பகிடிக்குச் சொல்லேல்ல."

அக்கா பகிடிக்கு எதுவும் சொல்கிறவள் இல்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு மனிதர் வரப்போகிறார். ஒரு சிரிப்புச் சத்தம் போதும், அவள் அதை விட்டுவிடுவாள். எனக்கு அது நன்றாக விளங்கியது. வாழைக்கு நான் வாதாடவில்லை. எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். வாழை கட்டினால் எப்படியும் தின்றுவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கெட்டிமேளம் இல்லாமல் தாலியா? தாலி ஏறுகிற நேரம் ஒரு கூடாத சொல்லோ தும்மலோ காதில் விழக்கூடாது என்றுதானே மேளக்காரர் அந்த அடி அடிக்கிறார்கள். ஊர் முழுக்கக் கலியாண மேளம் பதிந்து வைத்திருக்கிறவளின் அக்காவுக்கு மேளம் இல்லையென்றால் அந்த ஹார்ட் டிஸ்க்கை நான் கடலில்தான் எறிய வேண்டும்.

"இந்த மனுசனுக்குப் பூவின்ர தூள் பட்டாலே தும்மல் வரும்" என்று என் மனுசனைக் காட்டினேன். "தாலி கட்டேக்க இவர் தும்மினால் என்ன செய்வீங்கள்?"

மனுசன் நல்லவர். அந்த இடத்திலேயே ஒரு தும்மல் போட்டுக் காட்டினார். அக்கா யோசித்தாள்.

"மண்டபத்துக்குள்ள மட்டும் கேக்கவேணும். வாசலைத் தாண்டக்கூடாது."

"தாண்டாது" என்றேன். "எல்லாம் என்ர விரலுக்குள்ளதானே இருக்கு."

நாட்கள் ஓடின. அக்கா தன் கலியாண பிளவுஸைக் கதவைச் சாத்திவிட்டுத் தைத்தாள். மாமி வந்து, அது யாருக்கு என்று கேட்டபோது நிலாவெளிக்காரர் ஒருவருக்குப் பொம்பிளையாகப் போகிறவளுக்கு என்றாள். பொய்யும் இல்லை. கலியாணத்தை எங்கள் வீட்டு மண்டபத்தில் வைப்பது என்று முடிவெடுத்தோம், ஏனென்றால் அக்காவின் வீட்டு வாசல் மாமியின் வீட்டுக்கு நேரே பார்த்திருக்கும். விடியப் பாயாசம் காய்ச்சியபோது குசினி யன்னல்களை எல்லாம் பூட்டினேன். அப்படியும் மாமியின் குரல் மதிலுக்கு மேலால் வந்தது.

"என்ன பிள்ளை, பாயாசம் மணக்குது?"

"நேர்த்திக்கடன் ஒண்டு, மாமி" என்றேன். அதுவும் பொய் இல்லை.

விடியற்காலையிலேயே ஸ்பீக்கரைச் சோதித்துவிட்டேன். மண்டபம் ஒன்றையே தெரிவுசெய்து, சத்தத்தைக் குறைத்து, சல்லிக் கிராமத்தில் ஒரு கலியாணத்தில் பதிந்த கெட்டிமேளத்தைப் போட்டு, வாசலில் நின்று கேட்டேன். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாயாசம் கிண்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், சிறிது நேரத்தில் வந்தது. வந்ததும் சந்தோசப்பட்டேன், மின்விசிறி சுற்றட்டும் என்று. இன்னொரு தரம் சோதித்துப் பார்க்க நினைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தாங்கள் ஏறி வந்த வானைப் பெரிய தெருவில் விட்டுவிட்டு, யாருக்கோ சுகம் விசாரிக்க வருகிறவர்களைப் போல ஒவ்வொருவராக ஒழுங்கைக்குள் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை வேட்டியை ஒரு பையில் வைத்துக்கொண்டு காற்சட்டையோடு வந்தார்.

அக்கா மணவறையில் வந்து இருந்தாள். மணவறை என்றால் இரண்டு கதிரை, பின்னால் ஒரு பட்டுச் சாறியைக் கட்டியிருந்தேன். அரக்குச் சிவப்புச் சாறி, மாலை, நெற்றியில் பட்டம்.  அவள் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

ஐயர் மந்திரத்தை வேகமாக ஓட்டினார். தாலிக்கொடியைத் தூக்கி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். நான் அக்காவுக்குப் பின்னால், ஒரு கையால் மாலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் போனோடு நின்றேன். என் மனுசன் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். ஐயர் விரலை அசைத்துக் கண் காட்டினார். நான் தட்டினேன்.

மண்டபத்து ஸ்பீக்கரில் மேளம் மெதுவாக, அக்கா கேட்டபடியே வந்தது. அதே நேரம் வெளியே எங்கோ பெரிய மேளச் சத்தம் ஒன்று எழும்பியது. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த நேரத்தில் இந்த ஒழுங்கையில் வேறு யாருக்குக் கலியாணம்? எங்களுக்குச் சொல்லாமல் யார் வைக்கிறார்கள்? அப்படி நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது. சல்லிக் கலியாணத்தில் யாரோ ஒரு பெரியவர் வீடியோக்காரனை அதட்டியது என் பதிவில் விழுந்திருந்தது. "வீடியோத் தம்பி, கொஞ்சம் அங்கால தள்ளும்!" மண்டபத்தில் அது மெதுவாகக் கேட்டது. ஒழுங்கையில் எல்லா வீட்டில் இருந்தும் இடி மாதிரிக் கேட்டது. என் மனுசன் மறுபேச்சில்லாமல் இரண்டடி தள்ளி நின்றார்.

கரண்ட் வந்தபோது ஸ்பீக்கர்கள் எல்லாம் மார்கழியில் நான் சேர்த்து வைத்த கூட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டன. எழும்பாதவனையும் எழுப்புகிற அதே உச்சச் சத்தத்தில் எதிர்வீடும் பக்கத்து வீடுகளும் அக்காவின் கெட்டிமேளத்தை முழங்கிக்கொண்டிருந்தன.

என் விரல் நிறுத்துகிற இடத்துக்குப் போனது, ஆனால் தட்ட முடியவில்லை. தாலி ஏறும்போது கெட்டிமேளத்தை நடுவில் நிறுத்தினால் அதைவிடக் கூடாத சகுனம் வேறு இல்லை. தும்மலுக்குப் பயந்து மேளத்தைக் கேட்டவள் நானே. தாலிக்கொடியின் திருகுச் சுரை பூட்டி முடியட்டும், உடனே நிறுத்திவிடலாம் என்று மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன். கொடியைப் பின்கழுத்தில் பூட்டுகிற சுரை அரிசி அளவுதான் இருக்கும். அவருடைய விரலோ போட் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற விரல். சுரை வழுக்கியது. பிடித்தார், திரும்பவும் வழுக்கியது. வியர்வை அவர் மூக்கில் இருந்து என் கையில் சொட்டியது. மேளக்காரர் ஒழுங்கை அதிர அடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

"பூட்டியாச்சோ?" என்று பல்லுக்குள்ளால் கேட்டேன்.

"இல்லை" என்றார். அன்று அவர் எனக்குச் சொன்ன முதல் சொல் அதுதான்.

அக்கா அசையாமல் இருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அவளுக்கு எல்லாம் கேட்டது. கடைசியில் சுரை ஏறியது, மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார், நான் நிறுத்தினேன். வந்த அமைதி சத்தத்தைவிடப் பயமாக இருந்தது. அதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறப்பது கேட்டது. படலைகள் கேட்டன. செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா கதிரையை விட்டு எழும்பினாள்.

மாப்பிள்ளையும் எழும்பினார். அவளைத் தடுக்கவில்லை. அவள் எந்தப் பக்கம் போகிறாளோ அந்தப் பக்கம் போவதற்குத் தயாராக, மாலையோடு பக்கத்தில் நின்றார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்கு அன்றைக்குப் பிடித்துப்போனது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாமல் நடந்துபோச்சு அக்கா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் ஆள் நிழல் விழுந்தது.

வாசலில் முதலில் வந்து நின்றது மாமிதான். தலையில் எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. கையில் உளுந்து மா. உடம்பில் வீட்டோடு மட்டும் போடுகிற ஒரு பழைய சோட்டி. அவளுக்குப் பின்னால் ஒழுங்கையே நின்றது. பல் தீட்டிய நுரையோடு ஒருவர், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி. தெருமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கிண்ணியா நானாவும் கேத்தலைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தார்.

மாமி அக்காவை உச்சியில் இருந்து கால்வரை பார்த்தாள். பட்டத்தை, மாலையை, கொடியைப் பார்த்தாள். 

"எடியே" என்றாள் மாமி. "என்ர மூண்டு பெட்டையளுக்கும் கலியாணச் சட்டை தைச்சது நீ. மூண்டு கலியாணத்திலயும் குசினிக்குள்ள நிண்டு தேங்காய் திருவினது நீ. உன்ர கலியாணத்துக்கு என்னைச் சோட்டியோட வரப் பண்ணிப்போட்டியே."

அவள் கோபமாகத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது, அதுவும் கோபத்தில்தான்.

"சிரிப்பியள் எண்டு நினைச்சனான், மாமி" என்றாள் அக்கா.

"ஆர் சிரிக்கிறது? என்னத்துக்கு?"

"உப்புவெளியாளைச் சொல்லிக் கிணத்தடியில சிரிச்சனீங்கள்தானே. நானும் அங்கதான் நிண்டனான்."

 "அவள் ஆரோ. நீ எங்கட பிள்ளை" என்று மாமி தொடங்கினாள். அது நியாயமான பதில் இல்லை என்று அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். கையில் இருந்த மாவைச் சோட்டியில் துடைத்தாள். "அண்டைக்கு நான் சொன்னது பிழை பிள்ளை. பெரிய பிழை" என்றாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள்.

பிறகு எங்கள் குசினிக்குள் நேரே போனாள். எந்த வீட்டுக் குசினியிலும் அரிசி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் தடவாத வெறும் அரிசியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அக்காவின் தலையில் போட்டாள். மாப்பிள்ளையின் தலையிலும் போட்டாள். எல்லாரும் குசினிக்கு ஓடினார்கள். என் ஒரு மாதத்து அரிசி மண்டபத்தில் பறந்தது. நானா கேத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கலியாணத்தத்தான் செல்லல்ல, தேத்தண்ணியாவது நம்மட கடையில எடுத்திருக்கலாமே புள்ள" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அக்காவும் சேர்ந்து சிரிப்பதை நான் கண்டேன். 

"எல்லாம் சரி" என்றாள் மாமி, அரிசி முடிந்த கையைத் தட்டிக்கொண்டு. "ஆனால் இவள் கழுத்தில தாலி ஏறுறதை நான் பாக்கேல்லையே. எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நாங்களும் பாக்கேல்ல" என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள்.

அக்கா அவர்களைப் பார்த்தாள். பிறகு போய்க் கதிரையில் திரும்பவும் இருந்தாள். சாறித் தலைப்பைச் சரிசெய்தாள். மாலையை ஒழுங்காக விட்டாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "வந்து கையை வையுங்கோ" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் வந்து, பூட்டிய சுரையில் விரலை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"மேளத்தைத் திருப்பிப் போடு" என்று என்னிடம் சொன்னாள்.

ஐயருக்குப் பொறுக்கவில்லை. "தாலி கட்டியாச்சு அம்மா. இனி என்னத்துக்குக் கெட்டிமேளம்?"

"தாலி ஒருக்காத்தான் ஐயா" என்றாள் அக்கா. "மேளம் எத்தினை தரமும் அடிக்கலாம்."

நான் போனைப் பார்த்தேன். மண்டபத்தை மட்டும் பிரித்தெடுக்கத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிரிக்காத. எல்லா வீட்டுக்கும் போடு."

தட்டினேன். ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக மேளம் முழங்கத் தொடங்கியது. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கதவெல்லாம் திறந்தபடி கிடக்க, ஆட்கள் முழுப்பேரும் எங்கள் மண்டபத்தில் அக்காவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.